குடிநீரில் பிஃபாஸ்: 48 குடும்பத்துக்கு எவ்வளவு கரி, எத்தனை சிலிண்டர்?

பீலிக்கரை கேட்டது:

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. 48 குடும்பம், ஏறக்குறைய 200 பேர். மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி 10,000 லீற்றர் சீமெந்து டாங்கியில் விழுகிறது. அங்கிருந்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) 12 மீற்றர் இறக்கம். பம்ப் கிடையாது, டாங்கி இருக்கும் இடத்தில் கரண்டும் கிடையாது.

ஊற்றுக்கு மேலே மூடிப்போட்ட பழைய குப்பைமேடு இருக்கிறது. அதனால் பிஃபாஸ் (PFAS, காபனும் புளோரீனும் பிணைந்த, எளிதில் அழியாத செயற்கை இரசாயனங்கள்) சோதனைக்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரி போனது. வந்த எண்கள், பிஃபாஸ் வகைவாரியாக, லீற்றருக்கு நனோகிராமில்: பிஎஃப்ஓஎஸ் 31, பிஎஃப்ஓஏ 22, பிஎஃப்ஹெக்ஸ்ஏ 14, பிஎஃப்பிஎஸ் 9. மொத்தம் 76. கரைந்த சேதனக் காபன் 2 மில்லிகிராம், இரும்பு 0.1 மில்லிகிராம். தென்மேல் பருவமழை தொடங்கினால் இரண்டு மூன்று நாள் கலங்கல் வரும்.

டாங்கியின் வெளிவாயில் பெரிய சிலிண்டர் ஒன்று வைத்து, 100 கிலோ சிரட்டைக் கரி போட்டு, லயத்துக்குப் போகும் எல்லாத் தண்ணீரையும் அதற்குள் விடலாம் என்று யோசனை. சரிவருமா? எப்போது கரி மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

---

நீர்மட்டம் எழுதியது:

சிலிண்டரை விடுங்கள், முதலில் ஊற்றைப் பாருங்கள். குப்பைமேட்டுக்கு மேலேயோ, மலையின் அடுத்த மடிப்பிலோ வேறு ஊற்று இருந்தால் அதில் ஒரு மாதிரி எடுங்கள். அரைக் கிலோமீற்றர் குழாய் போடுவது ஒரு தடவைச் செலவு. கரி மாற்றுவது முடியாத செலவு.

வேறு ஊற்று இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 76 என்ற எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். நம்முடைய எஸ்எல்எஸ் 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரத்தில் பிஃபாஸுக்கு எல்லையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 20 வகைகளின் கூட்டுத்தொகைக்கு 100 நனோகிராம் என்கிறது. அந்தக் கணக்கில் நீங்கள் உள்ளே. அமெரிக்கா 2024இல் பிஎஃப்ஓஏவுக்கும் பிஎஃப்ஓஎஸ்ஸுக்கும் தனித்தனியே 4 என்று வைத்தது. அதன்படி உங்கள் பிஎஃப்ஓஎஸ் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. நான் 4ஐக் குறியாக வைத்தே வடிவமைப்பேன்.

இனி உங்கள் திட்டம். தலைக்கு ஒரு நாளைக்கு 100 லீற்றர் என்றால் 20,000 லீற்றர். காலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும், அப்போது நிமிடத்துக்கு 100 லீற்றர் ஓடுவது ஆச்சரியமில்லை. 100 கிலோ கரி ஏறக்குறைய 200 லீற்றர் இடத்தை அடைக்கும். ஆக, தண்ணீர் கரிப் படுக்கையைக் கடக்க எடுக்கும் நேரம் இரண்டே நிமிடம். பிஃபாஸுக்குக் குறைந்தது பத்து நிமிடம் வேண்டும். அதிகமான ஆட்கள் தண்ணீர் எடுக்கும் நேரத்தில்தான் உங்கள் சிலிண்டர் மிக மோசமாக வேலை செய்யும்.

குளிக்க, துணி துவைக்க, கக்கூசுக்கு ஊற்ற இந்தத் தண்ணீர் அப்படியே போகட்டும். தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 10 லீற்றர் போதும்: நாளைக்கு 2,000 லீற்றர். இதைப் பத்து மணி நேரத்தில் மெதுவாக வடித்து மூடியுள்ள 2,000 லீற்றர் பிளாஸ்டிக் டாங்கியில் சேர்த்து, அதிலிருந்து தனியாகக் குடிநீர்ப் பீலி இரண்டு வையுங்கள். முதல் பீலி பிள்ளைக்காம்பராவுக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) பக்கத்தில் இருக்கட்டும். பால்மா கரைக்கும் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் முக்கியம்.

மணிக்கு 200 லீற்றர் என்றால் நிமிடத்துக்கு 3.3 லீற்றர். 10 அங்குல விட்டம், 54 அங்குல உயரம் உள்ள ஃபைபர் சிலிண்டரில் 35 லீற்றர் கரி போட்டால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அப்படி இரண்டு சிலிண்டர், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரே பெரிய சிலிண்டரை விட இது மேல்: முதலாவது நிறைந்து வழியத் தொடங்கும்போது இரண்டாவது பிடித்துக்கொள்ளும், நடுவில் குழாய் வைத்து மாதிரியும் எடுக்கலாம். முதலாவது தீர்ந்தால் இரண்டாவதை முதலிடத்துக்கு மாற்றி, புதுக் கரியை இரண்டாமிடத்தில் வைக்க வேண்டும். நனைந்த சிலிண்டரைத் தூக்கி மாற்றுவது நாரி முறியும் வேலை. யூனியனும் (கழற்றிப் பூட்டும் குழாய் இணைப்பு) வால்வுகளும் வைத்துக் குழாயை மாற்றுகிற மாதிரி இப்போதே அமைத்துவிடுங்கள்.

வேகத்தைக் கட்டுப்படுத்த மீற்றர் ஒன்றும் வேண்டாம். 10 லீற்றர் வாளி மூன்று நிமிடத்தில் நிறைய வேண்டும். அந்த அளவுக்கு வால்வைத் திருப்பி, கைப்பிடியைக் கழற்றிச் சாவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கைப்பிடி இருந்தால் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று யாராவது ஒருவர் நிச்சயம் திறந்துவிடுவார்.

---

சிரட்டைக்கரி எழுதியது:

நீர்மட்டம் அண்ணன் சொன்ன கணக்கோடு இன்னொரு கணக்கு. 76 நனோகிராம், நாளைக்கு 2,000 லீற்றர், 365 நாள். வருடம் முழுக்கக் கரி பிடிக்க வேண்டிய பிஃபாஸ் 55 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு! அதே தண்ணீரில் இலை தழை மக்கிக் கரைந்த சேதனக் காபன் லீற்றருக்கு 2 மில்லிகிராம், வருடத்துக்கு ஒன்றரைக் கிலோ. கரியில் இடம் பிடிக்க இரண்டும் போட்டி போடுகின்றன. 35 லீற்றர் கரியின் ஆயுளைத் தீர்மானிப்பது பிஃபாஸ் இல்லை, இலைச்சாறுதான்.

ஆகவே கரிக்கு முன்னால் எதைத் தடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். 20 அங்குல உறையில் 5 மைக்ரோன் வடிகட்டிக் கார்ட்ரிஜ் கட்டாயம். அதற்கும் முன்னால் சரளையும் மணலும் போட்ட பெட்டி ஒன்று இருந்தால் கார்ட்ரிஜ் நீடிக்கும். ஆனால் இவை மண்ணைத்தான் தடுக்கும், கரைந்த சாயத்தைத் தடுக்காது. மழைக்குப் பிறகு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். பிளேன்டீயில் ஒரு சொட்டு விட்ட மாதிரி நிறம் தெரிந்தாலே உள்வால்வை மூடிவிடுங்கள். சேமிப்பு டாங்கி நிறைந்திருந்தால் ஒரு நாள் தாங்கும். கலங்கல் மூன்று நாள் நீடிக்கும் இடத்தில் இன்னும் இரண்டு 2,000 லீற்றர் டாங்கி வாங்குவது, வருடாவருடம் ஒரு தடவை கூடுதலாகக் கரி மாற்றிக்கொண்டிருப்பதை விட மேல்.

கரி வகை: அடுப்புக் கரியோ, சிரட்டையை எரித்த வெறும் கரியோ உதவாது. நீராவியோடு 800 பாகைக்கு மேல் சூடாக்கி நுண்துளை திறந்த ஆக்டிவேட்டட் காபன்தான் வேண்டும். மூட்டையில் 12x40 என்று இருக்க வேண்டும், அதாவது 0.4 முதல் 1.7 மில்லிமீற்றர் மணி. அயடின் எண் (கரி எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும் அளவு) 1,000 அல்லது மேலே. பிஎஃப்ஓஎஸ் மாதிரி நீளமான மூலக்கூறுக்கு நிலக்கரியில் செய்த கரி பொதுவாக அதிக நாள் தாங்கும், அதில் உள்ளே போகும் வழி அகலம். சிரட்டைக் கரியில் துளைகள் மிகச் சிறியவை, வழி நெருக்கம். ஆனாலும் இந்த நாட்டில் கைக்கெட்டுவது சிரட்டைக் கரி, அதுவும் உலகத்துக்கே ஏற்றுமதியாகும் தரத்தில். இந்த அளவு சிறிய அமைப்புக்கு நான் சிரட்டையையே எடுப்பேன், சற்று முன்கூட்டியே மாற்றுவேன். 25 கிலோ மூட்டை இரண்டு வாங்கினால் இரண்டு சிலிண்டரும் நிறைந்து மிஞ்சும்.

கரி போடும் முறையில்தான் பெரும்பாலான அமைப்புகள் கெட்டுப்போகின்றன. அடிச் சல்லடையிலிருந்து மேலே வரும் நடுக்குழாயைச் சிலிண்டர் வாயோடு சமமாக வெட்டி, அதன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு பிடி கரி உள்ளே விழுந்தால் அடிச் சல்லடை அடைத்துவிடும், பிறகு எல்லாவற்றையும் கொட்டித்தான் எடுக்க வேண்டும். சிலிண்டரில் பாதித் தண்ணீர் விட்டு, 3 முதல் 5 மில்லிமீற்றர் கழுவிய சரளையை அடிச் சல்லடை மூடுமளவு போட்டு, அதன்மேல் கரி. படுக்கை 70 சென்ரிமீற்றர் வரும், மேலே அரை மீற்றருக்குக் குறையாமல் வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப ஆசைப்பட வேண்டாம், கரி கழுவும்போது பொங்க அந்த இடம் வேண்டும்.

தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. உலர்ந்த மணிக்குள் காற்று நிறைந்திருக்கும். ஊறாமல் ஓடவிட்டால் காற்றுக் குமிழி படுக்கையைப் பிளந்து, தண்ணீர் அந்தப் பிளவு வழியாகவே கரியைத் தொடாமல் போய்விடும். வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

பிறகு கீழிருந்து மேலாகக் கழுவுதல். நிமிடத்துக்கு 10 லீற்றரில் தொடங்கி மெல்ல 17 வரை. நம் மலைத் தண்ணீர் குளிர். குளிர்ந்த தண்ணீர் தடிப்பாக இருப்பதால் கரியை அதிகம் தூக்கும். கடைக்காரர் கொடுக்கும் அட்டவணை வெதுவெதுப்பான தண்ணீருக்கு எழுதப்பட்டது, அப்படியே திறந்தால் நல்ல கரி கானில் போகும். வெளியே வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள்: கறுப்புத் தூள் வந்தால் சரி, கையில் மணி மணியாகத் தட்டுப்பட்டால் வேகம் கூடிவிட்டது. 20 முதல் 30 நிமிடத்தில் தெளியும். அதன்பின் வழக்கமான திசையில் 700 லீற்றர் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். புதுக் கரி பிஎச்சை ஏற்றும், சாம்பல் வாடையும் இருக்கும்.

இதற்குப் பிறகு கழுவவே வேண்டாம். மணல் பில்டர் பழக்கத்தில் வாரத்துக்கொரு தடவை கழுவுபவர்கள் உண்டு, பிஃபாஸுக்கு அது கேடு. மேலே நிறைந்த கரியும் கீழே வெறுமையான கரியும் கலந்துவிட்டால், கீழே போன நிறைந்த மணியிலிருந்து பிஃபாஸ் நேரே வெளிவாய்க்குக் கசியும். வாளி நிறைய மூன்று நிமிடத்துக்குப் பதில் நான்கு எடுத்தால் குற்றவாளி முன்னால் உள்ள கார்ட்ரிஜ், அதை மாற்றுங்கள்.

இன்னொன்று. வெளிக்குழாயைச் சிலிண்டர் தலைக்கு மேலே ஏற்றி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்றுத்துளை வையுங்கள். இல்லையென்றால் மேல் டாங்கி வற்றும் நாளில் சிலிண்டரும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு வற்றிவிடும், மறுபடி காற்று, மறுபடி பிளவு.

---

மாதிரிப்போத்தல் எழுதியது:

"எப்போது மாற்றுவது" என்ற கேள்விக்கு வருகிறேன். நாக்கோ மூக்கோ சொல்லாது. டிடிஎஸ் மீற்றரும் சொல்லாது, அது மில்லிகிராமில் உப்பைப் படிக்கிற கருவி. நீங்கள் தேடுவது அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வுகூட எண் மட்டுமே பேசும், அது செலவானது. ஆகவே எங்கே, எப்போது மாதிரி எடுப்பது என்பதைத் திட்டமிடுங்கள்.

மூன்று இடத்தில் குழாய் வையுங்கள்: உள்வாய் அ, சிலிண்டர்களுக்கு நடுவே ஆ, கடைசி வெளிவாய் இ. ஓடத் தொடங்கி இரண்டு வாரத்தில் ஆ, இ இரண்டிலும் ஒரு தடவை எடுத்தால் அமைப்பு சரியாகக் கட்டப்பட்டதா என்று தெரியும். அப்போதே ஆவில் ஏதாவது இருந்தால் அது கரி தீர்ந்ததல்ல, பிளவு. பிறகு இரண்டு மாதத்துக்கொரு தடவை ஆவில் மட்டும் எடுங்கள். ஒரு சிலிண்டரின் கரி அடைக்கும் 35 லீற்றரை ஒரு படுக்கை அளவு என்போம். நாளைக்கு 57 படுக்கை அளவு தண்ணீர் போகிறது, அதாவது 10,000 படுக்கை அளவு வர 175 நாள். உங்கள் கரி அதற்கு முன்னால் தீருமா பின்னால் தீருமா என்பதை உங்கள் தண்ணீர்தான் சொல்லும். முதல் வருடத்து எண்கள் கையில் இருந்தால் இரண்டாம் வருடம் நாட்காட்டியைப் பார்த்தே மாற்றலாம்.

காபன் சங்கிலி குட்டையான பிஃபாஸ்தான் கரியிலிருந்து முதலில் தப்பும். உங்கள் அறிக்கையில் பிஎஃப்ஹெக்ஸ்ஏவும் பிஎஃப்பிஎஸ்ஸும் குட்டை. அவை ஆவில் தலைகாட்டினால் அது முன்னறிவிப்பு மணி. சில வாரம் கழித்து ஆவில் பிஎஃப்ஹெக்ஸ்ஏ 14 வரவேண்டிய இடத்தில் 18 வரலாம். உள்ளே போவதை விட வெளியே வருவது அதிகமா என்று ஆய்வுகூடத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம். நீளமான பிஎஃப்ஓஎஸ் வந்து உட்கார இடம் தேடி, முன்பே ஒட்டியிருந்த குட்டைகளைத் தள்ளிவிடுகிறது. ஆவில் பிஎஃப்ஓஏ 2 நனோகிராமைத் தொட்டதும் சிலிண்டர் மாற்றுங்கள், 4 வரை காத்திருக்க வேண்டாம்; மாதிரி போய் அறிக்கை வரும் வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டேதானே இருக்கும்.

மாதிரி எடுக்கும்போது ஆய்வுகூடம் அனுப்பும் 250 மில்லிலீற்றர் பொலிப்ரொப்பிலீன் போத்தல் மட்டும். அதற்குள் இருக்கும் தூளைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், அது வேண்டுமென்றே போட்டது. குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பௌடர் இல்லாத நைட்ரைல் கையுறையோடு பிடியுங்கள். கையில் கிறீம் கூடாது. மழைக்கோட்டும் கூடாது, தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் பூசும் பூச்சிலேயே பிஃபாஸ் இருக்கலாம். ஹட்டனில் மழைக்கோட்டு இல்லாமல் வெளியே நில் என்பது கொடுமைதான், ஆனால் கொழுந்து பறிக்கும்போது போடும் வெறும் பொலித்தீன் கொங்காணி போதும், அதில் அந்தப் பூச்சு கிடையாது. ஆய்வுகூடம் தரும் சுத்த நீரை அதே இடத்தில் திறந்து வெற்றுப் போத்தலில் ஊற்றி அதையும் அனுப்புங்கள். அதில் எண் வந்தால் உங்கள் கையோ காற்றோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஐஸ் பெட்டியில் போகட்டும். பயன்படுத்தும் முறையைப் பொறுத்து, ஆய்வுகூடம் பிரித்தெடுக்க 14 அல்லது 28 நாளே அவகாசம்.

குழாய்ப் புரிகளுக்கு வெள்ளை டெஃப்லொன் டேப் சுற்றுவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். மாதிரிக் குழாய் மூன்றிலும் அதைத் தவிருங்கள், சணல் போதும். மற்ற இடத்தில் இருக்கும் டேப்புக்காகக் குழாயைப் பிரிக்க வேண்டாம், பந்து வால்வுக்குள்ளேயே டெஃப்லொன் வளையம் இருக்கிறது. அது திண்மம், கரைந்து வருவது அற்பம். நாம் தேடும் அளவே அற்பம் என்பதால்தான் மாதிரி எடுக்கும் இடத்தில் மட்டும் இந்தக் கெடுபிடி.

அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். 0.022 மைக்ரோகிராமும் 22 நனோகிராமும் ஒன்றுதான். "கண்டறியப்படவில்லை" என்றிருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். 10க்குக் கீழே என்று சொல்லும் ஆய்வுகூடம் 4ஐக் குறிவைக்கும் உங்களுக்கு உதவாது.

---

தேயிலைச்சாயம் எழுதியது:

இவ்வளவு எதற்கு, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா? இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு களிமண் மெழுகுதிரி பில்டர்?

---

மாதிரிப்போத்தல் எழுதியது:

கொதிக்க வைப்பது கிருமிக்கு. பிஃபாஸ் ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். கேத்தலில் பாதி வற்றினால் மீதியில் இரண்டு மடங்கு. களிமண் பில்டர் கரைந்த பொருளைப் பிடிக்காது. குளோரின், புறஊதா விளக்கு, படிகாரம் எதுவும் இந்தக் காபன்–புளோரீன் பிணைப்பை அசைக்காது.

2005இல் வெளியான ஓர் ஆய்வு கொழும்பு நகரத்தவரோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் இரத்தத்தையும் சோதித்தது, தோட்டத்தில் எடுத்த இரத்தத்திலும் பிஃபாஸ் இருந்தது. மலைக்கு மேலே வராது என்று நினைக்க வேண்டாம்.

---

பீலிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த மடிப்பு ஊற்று கோடையில் வற்றிவிடும், அதனால் இரண்டு சிலிண்டர்தான். இரண்டு சந்தேகம். ஊற்றில் ஈகோலை என்ற மலக்கிருமி உண்டு, இப்போது பெரிய டாங்கியில் குளோரின் போடுகிறோம். அதைத் தொடரலாமா? பழைய கரியை மரக்கறித் தோட்டத்துக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

---

சிரட்டைக்கரி எழுதியது:

பெரிய டாங்கியில் போடுவதைக் குளிக்கிற தண்ணீருக்காகத் தொடரலாம், ஆனால் அந்தக் குளோரின் கரியைத் தாண்டாது. முதல் கையளவு ஆழத்திலேயே அழிந்துவிடும். கரிக்குப் பிறகு வருவது குளோரினே இல்லாத தண்ணீர், கரிமேல் பக்டீரியா சுகமாக வளரும். ஆகவே 2,000 லீற்றர் குடிநீர் டாங்கியில் தனியாகப் போட வேண்டும். இரவில் டாங்கி நிரம்பி மிதவை வால்வு மூடியிருக்கும் விடியற்காலையில், 30 வீதப் பிளீச்சிங் பௌடர் 7 கிராமை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அது லீற்றருக்கு ஒரு மில்லிகிராம். அரை மணி நேரம் கழித்துத்தான் பீலி திறக்கலாம். பகலில் புதுத் தண்ணீர் வந்து சேர்வதால் பின்னேரம் பீலியில் மிஞ்சிய குளோரினை மறுபடி பாருங்கள், லீற்றருக்கு 0.2க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் இடையில் நிற்க வேண்டும். பழைய பௌடரில் வீரியம் போயிருக்கும், மூட்டை திறந்த திகதியை மேலே எழுதி வையுங்கள்.

---

நீர்மட்டம் எழுதியது:

கரியை மரக்கறிப் பாத்திக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு வருடமாகத் தண்ணீரிலிருந்து பிடித்ததைக் கொண்டுபோய் மண்ணில் வைப்பது அது. அந்த மண்ணிலிருந்து கீரைக்கும், மழையோடு கீழ் ஊற்றுக்கும் போகும். அடுப்பில் எரிப்பதும் கூடாது. அந்தச் சூட்டில் பிஃபாஸ் முழுதாக அழியாது, பாதி எரிந்து புகையோடு சமையலறைக்குள் வரும். ஆயிரம் பாகைக்கு மேல் வேண்டும், சீமெந்துச் சூளை அந்தச் சூடு உள்ள இடம்.

நீரை வடித்து, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில், கூரைக்குக் கீழே வையுங்கள். வடியும் நீரையும் கானில் விடாமல் முதல் சிலிண்டரின் உள்வாய்க்கே திருப்பி ஊற்றுங்கள். பீப்பாயின் மேல் "பிஃபாஸ் கரி", எடை, திகதி. வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றினாலும் உலர்ந்த எடையில் 35 கிலோதான் சேரும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அபாயக் கழிவு உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்க இரண்டு மூன்று வருடத்துக் கரியைச் சேர்த்து வைத்து ஒரே பயணமாக அனுப்பலாம். பீப்பாயை எடுக்க லொறி எதுவரை வரும் என்று இப்போதே பார்த்து, கொட்டகையை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.